பொருத்திப் பார்க்கவும்

உறை பெரிசு.
மழை வந்தால் எங்கே ஒளிப்பது என்று
கண்டி பஸ் நிலையத்திலேயே யோசனை.
உள்ளே கறுப்புப் படம், இருபது கட்டம்,
கட்டத்துக்கொரு தலை.
எல்லாம் என்னுடையதாம்.

போன பங்குனியில் வலது கண்ணில் புகை விழுந்தது.
சி.டி.பி. பஸ் வந்தால் இடது கண்ணுக்குச் சிவப்பு,
வலது கண்ணுக்கு
மழை கழுவிப் போட்ட செங்கல்.
மூன்று கிழமையில் தானாய் விலகியது.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் அரைப்பேர்.
ஐப்பசியில் இடது கால்
என்னோடு மலை ஏறாமல் பின்தங்கியது.
"தூக்கமா புள்ள?" என்றார் கங்காணி மருதவீரன்.
தூக்கமில்லை. கால் வேறு யாருடையதோ.

அறிக்கை ஆங்கிலத்தில்.
டாக்டர் சிங்களத்தில்.
அக்குறணை ஃபஸ்லியா மிஸ் நடுவில் நின்று
சூடு ஆறுமுன் தமிழில் ஊற்றித் தந்தார்.

"வெள்ளைப் பொட்டு ஏழு இருக்காம்.
இருக்கிறதால அந்த வருத்தம்தான்னு இல்லையாம்.
ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் வரும்,
பிரஷருக்கும் வரும், விட்டமின் குறைஞ்சாலும் வரும்,
சும்மாவும் வரும்."

சும்மா என்ற சொல்லை
இறுகப் பிடித்துக்கொண்டேன்.
டாக்டர் பேனா முனையை ஓரிடத்தில் வைத்தார்:
மூளைக்குள்ளே நீர் நிற்கும் குகை,
அதன் ஓரத்தில் செங்குத்தாய்
விரல் மாதிரி நீண்ட ஒரு வெள்ளை.
இது சும்மா வருகிற இடம் இல்லையாம்.

நரம்புக்கு மேலுறை உண்டாம், வயருக்குப்போல.
அது உரிந்தால் கரண்ட் தடுமாறுமாம்.
எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தபோது எனக்குப் பத்து வயது,
உறை உரியாமலே இன்றுவரை தடுமாறித்தான் வருகிறது.
அந்த உதாரணம் எனக்கு உதவவில்லை.

உதவியது அடுத்தது.
"வேறவேற இடத்தில இருக்கணும்,
வேறவேற காலத்தில வந்திருக்கணும்.
ரெண்டும் சேர்ந்தாத்தான் பேர் வைப்பாங்க."
ஊசியில் ஏற்றிய மருந்து
புதுக் காயத்தில் ஒளிரும்;
பழையது பேசாமல் கிடக்கும்.
ஏழில் ஒன்று ஒளிர்ந்திருந்தது.

இது எனக்குத் தெரிந்த பாடம்.
ஆறாம் நம்பர் மலையில் நின்று
எதிர்மலையைப் பார்த்தே சொல்வேன்
எது இரண்டு வருஷக் கவ்வாத்து, எது நேற்று.
நேற்று வெட்டியது வெளிறி ஈரமாய் மினுங்கும்.
பழைய வெட்டில் சாம்பல் பூத்துப் பாசி ஏறியிருக்கும்.
"ஆனா கவ்வாத்து வெட்டினா கொழுந்து வரும்.
இதில?"
மிஸ் அதைச் சிங்களமாக்கினார்.
டாக்டர் முதல் தடவையாகப் படத்தை விட்டு
என் முகத்தைப் பார்த்தார்.
"கொஞ்சம் வரும்," என்றார்.
தமிழிலேயே.

பேர் இன்னும் வைக்கவில்லை.
மற்ற வருத்தங்களை விலக்க இரத்தம்.
வியாழக்கிழமை முதுகில் நீர்.
ஆறு மாதத்தில் மறுபடி அந்தக் குழாய்க்குள் படுத்து
கொட்டு மேளத்துக்கு அசையாமலிருக்க வேண்டும்.
பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை.
பேர் விழாத வருத்தத்துக்கு எதை எழுதி லீவு கேட்பது?

கடைசி வரியில் மிஸ் லேசாகச் சிரித்தார்.
"நோயாளியின் குறிகளோட பொருத்திப் பார்க்கவும்னு இருக்கு.
எல்லாருக்கும் எழுதுறதுதான்."

கினிகத்தேனையில் மழை பிடித்தது.
படத்தைச் சுவெட்டருக்குள் நெஞ்சோடு செருகி
வட்டவளைச் சந்தியில் இறங்கினேன்.
பத்தடி போயிருப்பேன்,
கொண்டக்டர் பையன் கத்தினான்:
"அக்கா, செருப்பு!"
படியில் இடது செருப்பு மட்டும் கிடந்தது.
குனிந்து பார்த்தேன்.
விரலிடுக்கெல்லாம் சேறு.
குளிர் தெரியவில்லை.

பஸ் நகர்ந்தது.
ஒரு கண்ணை மூடினேன், பிறகு மற்றதை.
இரண்டிலும் ஒரே சிவப்பு,
ஏறக்குறைய.